மோர்டனில் ஒரு தமிழ் நாய்

1989ஆம் ஆண்டு, குளிர் விட்டு வெயில் தொடங்கிய நேரம். லண்டனில், மோர்டன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேராக இருந்தோம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மூன்று நாடுகள் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்து, விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். காலையில் திரும்பி வந்தால் என் கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார். அவர் எழும்பி வேலைக்குப் போகும்வரை எனக்குப் படுக்க இடமில்லை.

அப்படித்தான் பக்கத்து வீட்டு நாயோடு பழக்கமானேன்.

அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். எழுபது வயதிருக்கும். முழங்கால் வருத்தம், தடி ஊன்றித்தான் நடப்பார். நாயோ அவருடைய கணவர் சாவதற்குக் கொஞ்சம் முன்பு வாங்கி வந்த குட்டி. மண்ணிறமும் வெள்ளையும் கலந்த, ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பயல். ஒருநாள் வேலி பாய்ந்து வந்து, வாசலில் கழற்றி வைத்திருந்த என் சப்பாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். சப்பாத்தைத் திருப்பித் தர வந்த அம்மா முதலில் தன் முழங்காலைக் காட்டினார், பிறகு நாயைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, நானும் அவனுமாக விம்பிள்டன் கொமன் என்ற பெரிய புல்வெளிக்குப் போவோம். அவனுடைய ஆங்கிலப் பெயர் என் வாயில் சரியாக நுழையவில்லை. அதனால் ஊரில் நாய்களோடு பேசுகிற மாதிரியே பேசினேன். தடியை எறிந்து “சூ!” என்றால் பாய்ந்து துரத்த வேண்டும். “தோ தோ” என்றால் திரும்பி வர வேண்டும். ஒரே கிழமையில், ஏழே நாளில், பிடித்துக்கொண்டான். குளத்தில் குதித்து, சேற்றில் புரண்டு, நேரே வந்து என் மேலில் உதறுவான். யாரும் என்னிடம் விசாக் கடிதம் கேட்காத, முகவரி கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிற அண்ணை ஒருவர் இருந்தார். அவருக்கு இது பெரிய பகிடி. “வெள்ளைக்கார நாய்க்குத் தமிழ் வாத்தியார் வந்திட்டார்! ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேலை அதுக்குப் படிப்பிக்க உன்னாலை ஏலாது, என்ன?” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மர வாங்கில் அமர்ந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் இவன் போய் நின்றான். அவர் கையை வீசி “ஷூ! ஷூ!” என்றார். அவர் மொழியில் அது ‘தூரப் போ’. நான் படிப்பித்த மொழியிலோ ‘விடாதே, துரத்து’. எதைத் துரத்துவது என்று இவன் சுற்றிப் பார்த்தான். தூரத்தில் இரண்டு பேர் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் பாய்ந்துவிட்டான்.

ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கியது. அதில் இருந்தவர் எப்படியோ விழாமல் பிடித்துக்கொண்டார். குளம்பு பட்டதோ என்னவோ, இவன் ஒருமுறை கத்திவிட்டு மரங்களுக்குள் ஓடி மறைந்தான்.

பின்னால் ஓடினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “தோ தோ” என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வெள்ளைக்காரர் நடுவில், பெற்றோல் மணக்கிற சட்டையோடு அப்படிக் கத்த வெட்கமாக இருந்தது. அவனுடைய ஆங்கிலப் பெயரை எனக்குத் தெரிந்த மாதிரி கூப்பிட்டேன். என் வாயிலிருந்து அவன் ஒருநாளும் கேட்டிராத பெயர். மத்தியானம்வரை கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

திரும்பி வரும்போது, பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். என் பை எப்போதும் கட்டியபடிதான் இருக்கும். லண்டனின் மறுபக்கம், சவுத்தாலில், தெரிந்த ஒருவர் இருந்தார். முன்பு மூன்று நாடுகளிலும் அப்படித்தான் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். ஆனால் அன்றைக்குக் கையில் நாயின் வார் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் போக மனம் வரவில்லை.

அம்மா வெறும் வாரைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். வாரை வாங்கி மடியில் வைத்தார். பிறகு, “வேலியடியில் நீ அவனைக் கூப்பிட ஒரு சொல் சொல்வாயே, அது என்ன?” என்று கேட்டார்.

சொன்னேன். “டோ டோ” என்றார்.

அண்ணை காரை எடுத்தார். வழி முழுக்க, “டோ இல்லை அம்மா, தோ. நாக்கு பல்லிலை முட்ட வேணும்” என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாடம் எடுத்தார்.

கொமனில் இறங்கியதும் அம்மா தடியை ஊன்றி நின்று, தொண்டை கிழிய “தோ! தோ!” என்று கூப்பிட்டார். நாய்களோடு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் என் வாய் திறந்தது. அண்ணையும் சேர்ந்துகொண்டார். மூன்று பேருமாக, மரத்துக்கு மரம் நின்று “தோ தோ” என்றோம்.

வெயில் சாயும் நேரம், ஒரு பற்றைப் புதருக்குள்ளிருந்து நொண்டி நொண்டி வந்தான். உடம்பெல்லாம் சேறு. முதலில் அம்மாவிடம் போனான். பிறகு என்னிடம் வந்து, வழக்கம்போல என் மேலில் உதறினான்.

“என் நாயின் இங்கிலீஷை நீ கெடுத்துவிட்டாய்” என்றார் அம்மா. அவன் காதைப் பிடித்த கையை வீடு வரும்வரை அவர் எடுக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனேன். பிறகு இன்னோர் ஊர். இரண்டு வருடம் கழித்து மோர்டனுக்குப் போய் அந்தக் கதவைத் தட்டினேன். வேறு யாரோ திறந்தார்கள். அம்மா இறந்துவிட்டாராம். தூர ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகள் நாயைக் கொண்டுபோய்விட்டாராம்.

எந்தப் பூங்காவில் ஒரு நாய் ஓடினாலும் இன்றும் என் நாக்கு பல்லில் போய் முட்டுகிறது. அந்தக் குளிர்நாட்டில் அவனை ஒருதரமாவது யாராவது “தோ தோ” என்று கூப்பிட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொள்கிறேன்.