கடை முயலுக்கு நைனா போட்ட சட்டம்

கடையில் வாங்கும் சிஞ்சில்லா முயலை முதலில் ஈரக் கைக்குட்டையால் துடைத்துப் பார்க்க வேண்டும். ராயபுரத்துக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்து நிலக்கரித் தூசியில், எங்கள் தெருவில் காயப்போட்ட வெள்ளை வேட்டியே சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் நிறத்துக்காகவே விலை போகிற முயலைக் கடைக்காரன் பேச்சை நம்பி வாங்கினால், நம் தலையில் மிளகாய் அரைத்து அனுப்பிவிடுவான்.

துடைத்த பிறகு ஊத வேண்டும். முதுகு ரோமத்தில் மெல்ல ஊதினால் அது பூப்போல விரியும். அடியில் கருநீலம், அதற்கு மேல் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிந்தால் நல்ல ரகம். எல்லாம் கலங்கலாக இருந்தால் குழம்புக்குத்தான் ஆகும். முன்னங்காலின் உள்பக்கம் ரோமம் ஈரமாக ஒட்டிக்கிடந்தால் முயலுக்குச் சளி, மூக்கைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கும். நகத்தில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால் முயல் கண்காட்சியில் ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேலை முடிந்து வந்தால் பின்கட்டில் முயல் கூண்டுகளோடுதான் இருப்பார். ரயில்வே மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. பொறுக்கி எடுப்பது என் வேலை, வளர்ப்பது அவர் வேலை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடையில் வாங்கிய முயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்காட்சிக்கு மட்டும்தான்; அதை ஜோடி சேர்க்க மாட்டார். அப்பன் ஆத்தாள் தெரிந்த முயலில்தான் குட்டி எடுப்பார். நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் கன்னியர் மடத்திலிருந்து வந்தவள். கைக்குழந்தையாக என்னை நைனாவும் அம்மாவும் எடுத்து வளர்த்தார்கள். என்னைப் பெற்றவர்கள் யாரென்று மடத்துச் சிஸ்டர்களுக்கே தெரியாது. இது தெருவுக்கே தெரியும், வீட்டிலும் யாரும் மூடி மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு அதில் ஏதோ இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் எனக்குக் கடையில் வாய்த்த பெட்டை முயல் போல ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஊதினால் வளையங்கள் கோடு போட்டாற்போல் நிற்கும். கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, திருவொற்றியூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. மாப்பிள்ளைக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அடக்கமான ஆள், எனக்குப் பிடித்திருந்தது. அவர் அம்மா என் கூந்தலைத் தொட்டுப் பார்த்தார், பல்லையும் கவனித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

காபி குடித்ததும் அந்த அம்மா முயல் பார்க்கப் பின்கட்டுக்கு வந்தார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெட்டையைத் தூக்கி ஊதிக் காட்டினார்.

"இத்தினி அழகா கீதே, குட்டி எடுக்கலியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அய்ய, இது கடையில வாங்குனதும்மா. அப்பன் ஆத்தா யாருன்னே தெரியாது. பாக்க நல்லாத்தான் கீது. நாளைக்கு இதுக்குப் பொறக்கறது இன்னா லட்சணத்துல வருமோ, யாரு கண்டா?"

அந்த அம்மா வாசலில் கிளம்பும்போதுதான் பேசினார். "மடத்துலேர்ந்து எடுத்த பொண்ணுன்னு தரகர் சொல்லித்தான் வந்தோம், அண்ணே. மனசு அப்டியும் இப்டியுமா இருந்துச்சி. நீங்களே தெளிய வெச்சிட்டீங்க. பொண்ணு அழகுதான். ஆனா யாரு பெத்த பொண்ணுன்னு தெரியாம, என் புள்ளைக்கு எப்டிக் கட்டுவேன்?"

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. நைனா மேல்தான் வந்தது. அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னை நினைக்காமல் சொன்னாரே என்பதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சோறு போட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். நைனா என்று மட்டும் கூப்பிடவில்லை.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. மறுநாள் சாயங்காலம் கிரேனிலிருந்து இறங்கி வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெட்டையைக் கொண்டுபோய்த் தன்னுடைய சிறந்த கடுவன் முயலின் கூண்டில் விட்டார். அம்மா ஓடிவந்தாள். "யோவ், புத்தி கெட்டுப் போச்சா? ஷோவுக்கு நிக்கிற முயலுய்யா அது!"

"ஷோ கெடக்குது வுடு" என்றார்.

சினைப்பட்ட முயல், குட்டிக்கு மெத்தை போடத் தன் ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொள்ளும். எங்கள் பெட்டையும் வயிறெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. கண்காட்சி வந்தது, போனது. நைனா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என் கண்ணுக்குக் குட்டிகளில் இரண்டு நல்ல ரகம், மற்றவை சுமார், ஒன்றுக்கு வெள்ளை நகம். பிறந்த குட்டிகளை ரோமம் வந்ததும் ஊதி ஊதிப் பிரிப்பது அவர் வழக்கம். இவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஒன்றைக்கூட ஊதவில்லை.

குட்டிகள் பால் மறந்த சமயம், அவரோடு முயல் வளர்க்கும் தோஸ்து ஒருவர் ஒரு குட்டி கேட்டு வந்தார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தோட ஆத்தா கடை முயல்தானே? எந்த வம்சமோ, இன்னாவோ?"

நைனா குட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஆத்தா இதோ என் வூட்ல கீது. அதுக்கு மேல உனுக்கு இன்னாய்யா தெரியணும்?"

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

"ஆறிடப் போவுது, குடி நைனா" என்றேன்.