அரிசி டிரம்முக்குப் பின்னால்

பாம்பன் மாதா கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் குடியை விட்டவர்கள் கூட்டத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, கணவன் ரூபஸை இழுத்துப்போனவள் பிரெசில்லாதான். குடியை விட்ட நாள்தான் அங்கே பிறந்தநாள். முதல் வருசம் முடிந்ததும் கேக் வெட்டிக் கைதட்டினார்கள். குடிகாரன் திருந்தினால் ஊரே தட்டும். பெண்டாட்டியின் படபடப்பை எவன் கேட்டான்? போதையில் ஒருமுறை அவன் அரிவாள்மனையை ஓங்கியதிலிருந்து, கடலிலிருந்து திரும்பும் அவன் காலடி கேட்டாலே அதை ஒளித்துவைப்பாள். அவன் குடியை விட்ட பிறகும்தான்; கேக் வெட்டியதற்கு முந்தின நாளும் ஒளித்துவைத்திருந்தாள்.

கேக் வெட்டிவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்ததும் குழம்புக்கு விளைமீனை எடுத்தாள். அவள் எழுமுன் ரூபஸே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து அரிவாள்மனையை எடுத்துவந்தான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் அங்கனதானடி வப்ப," என்று சிரித்தான். "குடிச்ச காலத்துலயே தெரியும்."

மறுநாள் அவன் காலடி கேட்டதும் பிரெசில்லா வேறு இடம் தேடினாள்.