ரொறன்ரோவில் ஹென்ரிக்கின் ரசிகர்கள்

இன்று டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே யோசனை.

எங்கள் பஸ் சாரதி ஹென்ரிக், ஓய்வு நேரத்தில் 'கன்ட்ரி' எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர். அவர் வெளியிட்ட முதல் இரண்டு தனிப்பாடல்களும், நேயர்கள் இணையத்தில் வாக்களிக்கும் உள்ளூர் வானொலியின் தரவரிசைக்குள் வரவில்லை. மூன்றாவதற்கு உதவலாமென்று ரொறன்ரோ உறவினர்கள் நிறைந்த எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்குக் கேட்டேன்.

நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போடுவதுபோல் வாக்குகளைப் போட்டுக் குவித்துவிட்டார்கள்.

"முதலாமிடம்!" என்று ஹென்ரிக் என்னைக் கண்டதும் டேனிஷில் குதூகலித்தார். "வாக்கெல்லாம் ரொறன்ரோவிலிருந்து வந்ததாம். நாளைக்கு வேலையை விடுகிறேன். இனி அங்கேதான் பாட்டு!"

நான் "வாழ்த்துகள்" என்று முனகிவிட்டு, என் தரிப்பிடம் வருமுன்னரே இறங்கிவிட்டேன். செய்தது உதவியா மோசடியா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் கைவைத்தாள். "ஐயோ, அந்த மனுசன் வேலையை விடமுதல் போய்ச் சொல்லுங்கோ."

"கோவிச்சால்?"

"சொல்லாட்டி, அங்க போய் உங்கட மச்சானுக்கு முன்னால தனிய நிண்டு பாடுவார். அது பரவாயில்லையோ?"

நாளைக் காலை அவருடைய முதல் பஸ்ஸிலேயே ஏறிச் சொல்லத்தான் வேண்டும். ரொறன்ரோ உறவுகளே, வாக்குப் போட்டவர்களில் ஒருவராவது அந்தப் பாட்டைக் கேட்டீர்களா? கையில் ஓர் உண்மையான ரசிகர் இருந்தால், எனக்குக் கொஞ்சம் துணிவு வரும்.