மெழுகு ஒட்டிய இரண்டு பக்கங்கள்

தபாலய்யா. பிறப்பு: 1941 மார்ச் 9. இறப்பு: 2018 பிப்ரவரி 20. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு நீண்ட பெயரொன்று உண்டு. அதைச் சபையார் முழுமையாகக் கேட்டது இருமுறைதான்: ஒருமுறை திருமண அறிவிப்பில், மறுமுறை அடக்க ஆராதனையில். மற்றபடி சிறியவர், பெரியவர் அனைவர்க்கும் அவர் தபாலய்யா.

இத்தனைக்கும் அவர் எந்த வீட்டு வாசலிலும் ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரல்லர். தபால் பிரிக்கும் கூடத்தில், நாற்பத்தெட்டு அறைகள் கொண்ட மரச்சட்டத்தின் முன்னால் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றவர். உறையை எடுப்பார், முகவரியைப் பார்ப்பார், உரிய அறையில் செருகுவார். தவறிய உறை என்று அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பும் இல்லை. "கடிதம் போய்ச் சேர்ந்துச்சான்னு நான் பார்த்ததில்ல, சரியான அறையில போட்டேனான்னுதான் பார்ப்பேன்" என்பார்.

ஓய்வு பெற்றதும் சபை அவரை விட்டுவைக்கவில்லை. ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. யாருக்காகச் சபை ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். சனிக்கிழமை தபாலய்யா பெட்டியைத் திறந்து, பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். ஞாயிறு காலை, சரியாகப் பத்தேகாலுக்கு, வாசிப்பு மேசையில் நின்று அவற்றை வாசிப்பார். ஐந்து பெயருக்கு ஒருமுறை சபை "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும். தேறியவர் பெயர் நன்றிப் பட்டியலுக்கு மாறும்; இறந்தவர் பெயர் நீங்கும். பதினாறு ஆண்டுகளாக இதுவே முறை.

2014இல் அவருடைய மனைவியின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியது. நாற்பத்தொரு ஞாயிறுகள் அதை ஒன்றுவிடாமல் வாசித்தார். நாற்பத்திரண்டாம் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரம், அந்தப் பெயரை அவரே அடித்தார். அளவுகோல் வைத்து, நேர்கோடாக. அன்றும் மற்றப் பெயர்களை வாசித்தார். சபையார் அதை விசுவாசத்தின் உறுதி என்றனர். அவருக்கோ அன்றிலிருந்து உள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது. கோபம் கொள்வதானாலும் யாரோ ஒருவர்மேல் கொள்ள வேண்டும். அதற்கும் அவரிடம் தெம்பில்லை. நாவு வாசித்தது, மனம் வேறெங்கோ உட்கார்ந்திருந்தது.

2017இல் அவருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. இந்தத் திருவருகைக் காலத்தோடு போதும் என்று முடிவு செய்தார். போதகரிடம் சொல்லக் காரணமும் ஆயத்தமாக இருந்தது: முழங்கால். மெய்யான காரணம் முழங்காலுக்கு வெகுதூரம் மேலே இருந்தது என்பதை அவர் மட்டும் அறிவார்.

முதல் ஞாயிறு, டிசம்பர் 3. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள்: மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றவேண்டும். முதலாவதை ஏற்றும் பொறுப்பு அவ்வாண்டு அவருக்கு. இடக்கையில் குறிப்பேடு, வலக்கையில் எரியும் சிறு ஊதா மெழுகுத்திரி. அன்று புதிதாகச் சேர்ந்த பெயர்களை ஒருமுறை சரிபார்க்க ஏட்டைத் திறந்தார். அதற்குள் பாட்டு முடிந்தது. அவசரமாக மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியை நீட்டினார். நடந்தது இவ்வளவே.

மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 17. ஆராதனை முடிந்து வெளியே வந்தவரைத் தையற்காரரின் மனைவி மறித்தாள். இரு கைகளாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். டிசம்பர் முதல் தேதி அவள் கணவரை நெஞ்சில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரம் பேச்சுமூச்சில்லை.

"வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன், தபாலய்யா. டாக்டரே ஆச்சரியப்படறார். எல்லாம் உங்க வாயால சொன்ன பேருதான்."

"என் வாயில என்னம்மா இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க. ரெண்டு ஞாயிறும் பத்தேகாலுக்கு அவர் கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போ தபாலய்யா பேரைச் சொல்றார், இப்போ சபை பதில் சொல்லுதுன்னு நினைச்சுக்குவேன். அந்த நினைப்புதான் என்னைத் தாங்குச்சு. இன்னிக்கு நீங்க அவர் பேரை வாசிக்கல. தேறினவர் பேரை எடுத்துட்டீங்கன்னு நினைச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

தேறிய செய்தியே இப்போதுதான் தபாலய்யாவின் காதுக்கு எட்டியது. அவர் எந்தப் பெயரையும் எடுக்கவில்லை. யோசிக்க இடங்கொடாமல், ஊன்றுகோல் தரையைத் தட்டும் ஓசை நெருங்கியது. ரொட்டிக்கடை அம்மா, கணுக்கால் முறிந்து மூன்று வாரம் கட்டிலில் கிடந்தவர், அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்திருந்தார்.

"ஏன் தபாலய்யா, நான் செத்துட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"பட்டியல்ல என் பேர் எங்க? சீட்டு எழுதி மருமகள்கிட்டக் கொடுத்தனுப்பினேனே. நொண்டி நொண்டி வந்து, காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தா, ஊர்ல உள்ள சளி, இருமல் எல்லாம் வருது. என் கால் மட்டும் வரல. போன வாரமாவது வாசிச்சீங்களான்னு மருமகளைக் கேட்டா, 'கவனிக்கல அத்தை'ங்கிறா. சபை முழுக்கத் தூக்கம்!"

தபாலய்யா போதகர் உடைமாற்றும் அறைக்குள் போய்க் குறிப்பேட்டை மேசைமேல் வைத்துத் திறந்தார். முதற்பக்கம். அதைப் புரட்டினார், நான்காம் பக்கம். நடுவில் தாள் தடித்திருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். ஊதா நிற மெழுகு பொருக்காக உதிர்ந்தது. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. பதினொரு பெயர்கள். தூரதேசம் போனவர் ஐவர்; கடைசியாகச் சீட்டுப் போட்ட நோயாளிகள் அறுவர். அந்த அறுவரில் நான்காவது பெயர் ரொட்டிக்கடை அம்மா. ஆறாவது, தையற்காரர்.

மூன்று ஞாயிறுகளாக அந்தப் பதினொருவரில் ஒருவர் பெயரும் அந்த ஆலயத்தில் ஒலிக்கவில்லை.

ஒரு மெழுகுத் துளி ஒட்டியதற்காக அவர் வருந்தவில்லை. பதினொரு பெயர் குறைந்ததை, தன் கையால் எழுதிய தானே உணரவில்லையே. அதுதான் அவரை நாற்காலியில் உட்காரவைத்தது. நாற்பத்தெட்டு அறைகளில் ஒன்றில் ஓர் உறை குறைந்தாலும் உள்ளங்கை சொல்லிவிடும் மனிதர் அவர்.

வீட்டில், தண்ணீர் டம்ளரை எதிரே வைத்த மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யானைக்கும் அடி சறுக்கும்பாங்க, அப்பா" என்றாள்.

"ம்."

"நீங்க யானைகூட இல்ல, எலும்பும் தோலுமா இருக்கீங்க. விடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "உங்க அம்மா பேரை நாற்பத்தொரு தடவை சொன்னேன். ஒரு தடவை தப்பல. இந்தத் தையற்காரர் பேரை ஒரு தடவைகூடச் சொல்லல. இவர் எழுந்து வீட்டுக்கு வந்துட்டார்."

மகள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அதை என்கிட்டக் கேக்காதீங்க, அப்பா. நானும் கேட்டுப் பார்த்து அலுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாட்கள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் நட்டமில்லை. தையற்காரர் பிழைத்தாயிற்று, மனைவி மகிழ்ந்தாயிற்று. ஆனால் தான் செய்யாததற்கு நன்றி வாங்கிக்கொண்ட கை அவருக்கு உறுத்தியது. புதன்கிழமை மாலை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, தையற்கடைக்கு மேலிருந்த மாடி வீட்டுக்கு ஏறினார்.

தையற்காரர் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்ததும் அவர் கண் இடுப்புக்குப் போயிற்று. "கால்சட்டை ரெண்டு அங்குலம் தொளதொளன்னு இருக்கு, தபாலய்யா. இளைச்சிட்டீங்க. நான் எழுந்ததும் கொண்டாங்க, பிடிச்சுத் தர்றேன்."

தபாலய்யா உட்காரவில்லை. நின்றபடியே, மெழுகையும் ஒட்டிய பக்கங்களையும் பற்றி, தேதி தேதியாக, ஓர் அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லி முடித்தார். "அதனால உங்க நன்றி எனக்குச் சேராது, அம்மா. நான் அவர் பேரைச் சொல்லவே இல்ல."

மனைவியின் முகத்திலிருந்து ஏதோ வடிந்து இறங்கியது.

"பத்தேகாலுக்கு... யாருமே சொல்லலையா?"

"சொல்லல."

"நான் மட்டும்தான் அங்க தனியா உட்கார்ந்து..." அவள் முடிக்கவில்லை. பிறகு குரல் கூர்ந்தது. "இதை ஏன் என்கிட்ட வந்து சொன்னீங்க, ஐயா? உங்க பாரத்தை இறக்கி வைக்க என் வீடுதானா கிடைச்சது?"

அவள் சொன்னது உண்மையாகவே அவருக்குப் பட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். பிறகு, கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டார்: "என் வீட்டுக்காரிக்கு வாரம் தவறாம வாசிச்சேன். அப்போ இந்தப் பட்டியல் எதுக்கு?"

தையற்காரர்தாம் பேசினார். "அளவெடுத்துத் தைச்ச சட்டை சில ஆளுக்கு இறுக்கிப் பிடிக்கும். அளவே எடுக்காம யாருக்கோ தைச்சது, போட்டுப் பார்த்தா கனகச்சிதமா உட்காரும். முப்பது வருஷமாப் பார்க்கறேன். அதுக்காக அளவு நாடாவைத் தூக்கி எறிஞ்சுட முடியுமா?" என்று இழுத்தவர், இருமி, "நான் பேசல, மாத்திரை பேசுது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி வாசற்கதவைத் திறந்து பிடித்தாள். தபாலய்யா இறங்கினார். ஏறியதைவிட இறங்குவது கடினமாக இருந்தது.

சனிக்கிழமை போதகரைச் சந்தித்தார். போதகர் உடைமாற்றும் அறையில் இரண்டு பீடவிரிப்புகளுக்கு நடுவே நின்றிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவ்வாண்டு நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24ஆம் தேதியும் ஒரே நாள். காலையில் திருவருகைக்குரிய ஊதா விரிப்பு. மாலைக்குள் அதை எடுத்துவிட்டுப் பிறப்புப் பண்டிகைக்குரிய வெள்ளை விரிப்பு.

தபாலய்யா விடுபட்ட பதினொரு பெயர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பற்றிப் பேச வாயெடுத்தார். வந்தது வேறு.

"ஐயா, என்னை எடுத்துடுங்க. நான் வாசிக்கிறதை யாராவது கேக்கறாங்கங்கிற நம்பிக்கை எனக்குப் போயிடுச்சு. மூணு வருஷமாச்சு. நம்பாதவன் அந்த மேசையில நிக்கக் கூடாது."

போதகர் வெள்ளை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். நீண்ட பிரசங்கம் ஒன்று வரும் என்று தபாலய்யா காத்திருந்தார்.

"எனக்கு மட்டும் தினமும் இருக்குதுன்னா நினைக்கிறீங்க?" என்றார் போதகர். "சில நாள் காலையில தேடிப் பார்ப்பேன், இருக்காது. மணி அடிச்சுடுவாங்க, போய் நிப்பேன்." சற்று நிறுத்தி, "வேற ஆள் பார்க்க ஜனவரி ஆகும், தபாலய்யா. நாளைக்கு நீங்கதான். அந்தப் பதினோரு பேருக்கு என்ன சொல்லணுமோ அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். "இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

இருவரும் விரிப்பை மடித்தனர்.

பின்பு தபாலய்யா வாசலில் இருந்த பெட்டியைத் திறந்தார். ஏழு சீட்டுகள். ஐந்தாவது சீட்டின் எழுத்தைப் பார்த்ததும் கை நின்றது. "என் வீட்டுக்காரர் பேரை நன்றிப் பட்டியலுக்கு மாத்த வேண்டாம். இன்னும் இருமல் நிக்கல. இந்தத் தடவை விடாம வாசிக்கணும்." கடைசி வரியின் கீழ் இருமுறை கோடு இழுத்திருந்தது, பேனா தாளைக் கிழித்திருந்தது.

தபாலய்யா அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோபம் குறையவில்லை, ஆயினும் சீட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். குறிப்பேட்டை ஒதுக்கிவிட்டு, இருபத்தொன்பது பெயர்களையும் ஒற்றைத் தாளில், ஒரே பக்கத்தில், நுணுக்கி எழுதினார்.

மறுநாள் நான்கு சுடரும் எரிந்தன. பத்தேகாலுக்கு அவர் எழுந்தார். மேசையை எட்டுவதற்குள் இருமுறை நின்றார்.

"ஜெபத்துக்கு முன்னால் ஒரு சொல். கடந்த மூன்று ஞாயிறுகளாகப் பதினொரு பெயர்கள் இங்கே வாசிக்கப்படவில்லை. ஏட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாசித்த நான் அதை உணரவில்லை. தவறு என்னுடையது. அந்தப் பெயர்களை முதலில் வாசிக்கிறேன்."

பின்வரிசையில் யாரோ நிமிர்ந்து உட்காரும் பலகையொலி கேட்டது. ரொட்டிக்கடை அம்மா, "இப்பவாவது காதைத் திற" என்று மருமகளின் விலாவில் இடித்தார்.

அவர் வாசித்தார். வழக்கமான ஓட்டம் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் நின்றார். பதினோராவது பெயர் வந்தபோது தலையை உயர்த்தினார். தையற்காரரின் மனைவி மூன்றாம் வரிசையில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, வெற்று மடியில் இரு கைகளையும் ஒன்றையொன்று பற்றி வைத்திருந்தாள். தபாலய்யா அந்தப் பெயரைச் சொன்னார். அவள் கண்ணை மூடினாள். ஐந்துக்கு ஒருமுறை என்ற கணக்கை மீறி, சபை அந்த ஒற்றைப் பெயருக்கே பதில் சொன்னது.

யாரேனும் கேட்டார்களா என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. களைப்பும் நீங்கவில்லை. எழுதியிருந்த இருபத்தொன்பதையும் முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு பெயரை, மூன்று ஆண்டுகளுக்குமுன் அளவுகோல் வைத்து அடித்த பெயரை, வாய்க்குள் சொன்னார். சபைக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்தார்.

அந்த வாரமே அவர் காய்ச்சலில் படுத்தார். டிசம்பர் 31 முதல் எட்டு ஞாயிறுகள் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. வாசித்தவள் தையற்காரரின் மனைவி. ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி ஏற்றுக்கொண்டவள், விரலை வரிக்கு வரி ஊன்றி வாசித்தாள், ஒருமுறையும் விடவில்லை. எட்டாம் ஞாயிற்றுக்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை அவர் காலமானார்.

தபாலய்யா கடைசியாகப் பட்டியல் வாசித்தது 2017 டிசம்பர் 24, ஞாயிறு, காலை பத்தேகால் மணிக்கு.