வால் கட்டிய காத்தாடி

எதிர்வீட்டு மாமரம் கோடை மழையில் சாய்ந்து, தெருவே பை எடுத்துக்கொண்டு மாங்காய் பொறுக்கியது என்று எழுதியிருந்தேனே... அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எழுதியிருந்தேன் என்றால், நான் சொன்னேன், என் மகள் மல்லிகா எழுதினாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

அன்று காலை என் மனைவி ஜெயா காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். வியாழக்கிழமை அவளுக்கு மூட்டு ஆபரேஷன். பிறகு மாசக்கணக்கில் மணலில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தபா நான் காத்தாடி வுடணும். நூலு என் கைல இருக்கணும்."

காத்தாடியா? இந்த வயதிலா? சிரிக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் காபியைக் குடித்தேன்.

கல்யாணமான புதிதில் மயிலாப்பூரில் குடியிருந்தோம். தி.நகர் தையல் கடையில் காஜா எடுத்துவிட்டு வந்தால், கோடை முழுக்க எனக்கு மொட்டைமாடியும் காத்தாடியும்தான். நூல் சுற்றிய லொட்டாயைப் பிடித்துக்கொண்டு ஜெயா பின்னால் நிற்பாள். வானத்தை நான் பார்ப்பேன். அவள் என் முதுகைப் பார்ப்பாள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது 'இந்தா, நீ பிடி' என்று சொன்னேனா? ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று வேறு ஊரெல்லாம் பேச்சு.

மல்லிகா மூன்று காத்தாடி வாங்கி வந்தாள். நூல், என்னிடம் மிச்சமிருந்த காஜா நூல். மாஞ்சா கிடையாது. கண்ணாடித் தூள் பூசிய நூல் வண்டியில் போகிறவர் கழுத்தை அறுக்கிறது — தடை போட்டது சரிதான். நானும் ஒரு காலத்தில் பூசியவன். அதில் பெருமை ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு பெசன்ட் நகர் பீச். ஆட்டோவிலிருந்து தண்ணீர் ஓரம் வரை ஜெயா பத்து அடி நடப்பாள், நிற்பாள். மறுபடி நடப்பாள். கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று மல்லிகா கேட்டதற்கு, கை நூல் பிடிக்க வேண்டிய கை என்றாள்.

காத்தாடியின் நடுக்குச்சியில் கட்டுகிற முடிச்சுக்குச் சூத்திரம் என்று பெயர். மாடியில் கட்டுகிற மாதிரியே கட்டினேன். கடல் காற்று என்ன மாடிக் காற்றா? முதல் காத்தாடி நாலு கரணம் அடித்து மணலில் மூக்கைக் குத்திக் கிழிந்தது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதற்கு வால் கட்டச் சொன்னாள் ஜெயா.

வாலா? எங்கள் மாடி ஆட்களுக்கு அது பெரிய கௌரவக் குறைச்சல். வால் கட்டியவனை 'கோமணம் கட்டிட்டான்டா' என்று மாடி மாடியாகக் கூப்பிட்டுச் சிரிப்போம். அந்த அவமானத்தில் ஒருத்தன் ஒரு கோடை முழுக்க மாடியே ஏறவில்லை... அது வேறு கதை. முடியாது என்றேன். சூத்திரத்தை ஒரு விரல் இறக்கினால் போதும் என்றேன்.

"ரெண்ட கிழிச்சிட்ட. இதையும் கிழிச்சின்னா நான் எத்த வுடுறது?"

நியாயம்தானே? வியாழக்கிழமைக்குள் இன்னொரு ஞாயிறு வருமா?

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்து நீட்டினாள்.

"கட்டு நைனா," என்றாள் மல்லிகா. "உன்னப் பாத்து சிரிக்க இங்க எந்த மாடிக்காரன் கீறான்?"

கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்து, மாஞ்சாவா என்று பார்க்க நூலைக் கேட்டார். ஜெயா விடவில்லை. பிடித்த கையோடு நீட்டினாள்.

"தேச்சுப் பாரு தம்பி. அறுத்தா சொல்லு."

அவர் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார். கீறல் இல்லை. ரோட்டுப் பக்கம் ஒயரில் மாட்டாமல் விடச் சொன்னவர், போகாமல் அங்கேயே நின்றார்.

மல்லிகா தள்ளிப் போய்த் தூக்கிப் பிடித்தாள். காற்று வந்தது. ஜெயா இழுத்தாள். காத்தாடி இடது பக்கம் சாய்ந்தது... வால் ஒரு உதறு உதறியது... நிமிர்ந்து ஏறிவிட்டது.

எனக்குக் கை அரித்தது. கொஞ்சம் கொடு, உயர ஏற்றித் தருகிறேன் என்றேன்.

"நீ லொட்டாயப் புடிச்சிக்கினு பின்னாடி நில்லு."

நின்றேன். நூல் ஓட ஓட, லொட்டாய் சுழன்று உள்ளங்கை எரிந்தது. இத்தனை வருஷம் அவள் இதைச் சொன்னதே இல்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது. அதுக்கு இன்னா இப்போ?" என்றாள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் யாராவது லொட்டாயோடு பின்னால் நிற்கிறார்களா? திரும்பிப் பாருங்கள். பேப்பர் வாங்காத பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் — பீச்சில் நாலு மணிக்கு நல்ல காற்று. வால் கட்டினால் மானம் ஒன்றும் போகாது.