கூடையால் அளந்த உப்பு

எங்கள் ஊர் உப்பை யாராவது மட்டமாகப் பேசினால் இன்றும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தூத்துக்குடிக்காரனுக்கு அது பிறவிக் குணம். அந்தக் குணத்தால்தான் கல்கத்தாவில் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

ரசாயனம் படித்துப் பி.ஏ. தேறிய கையோடு கல்கத்தாவுக்கு வந்து, ஒரு ஐஸ் தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அங்கே பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதற்குள் அம்மோனியா ஓடும் இரும்புக் குழாய்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகரப் பெட்டிகளை அந்தத் தொட்டியில் இறக்குவார்கள். குழாய் உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கும். உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் இருக்கிற நல்ல தண்ணீரை உறையவைக்கும். தான் மட்டும் உறையாது. தண்ணீரில் உப்புத் துகள் கூடக்கூட, அது உறைய இன்னும் கடுமையான குளிர் வேண்டும். எந்த ஊர் உப்பு, என்ன நிறம் என்பதெல்லாம் தண்ணீருக்கு எதற்கு? எவ்வளவு தண்ணீரில் எத்தனை துகள் என்பது ஒன்றுதான் கணக்கு.

அங்கே கப்பலில் வரும் லிவர்பூல் உப்பைத்தான் போடுவார்கள். மாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒருநாள் தலைமைக் குமாஸ்தா, பெரிய பாபு என்று நாங்கள் அழைப்பவர், “மதராசி உப்பை எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட வைக்க மாட்டோம்” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரிலிருந்து கல்லுப்பு வரவழைத்தேன். மேனேஜர் துரையின் மேஜைமேல் இரண்டு குவளை வைத்து, இரண்டு உப்பையும் சமமாக நிறுத்துப் போட்டு, உறைநிலையைத் தெர்மாமீட்டரில் காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. துரை தலையாட்டினார். கோடைக்கு முன் தொட்டியைக் கழுவியபோது எங்கள் உப்பே இறங்கியது. பவானிபூர் வீட்டுக்கு அன்று டிராமில் போகும்போது, வண்டியே எனக்குச் சொந்தம் போல உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாளில் என் மப்பு இறங்கியது. பெட்டிகளைத் தூக்கினால் ஓரம் ஐஸாகவும் நடு தண்ணீராகவும் இருந்தன. மீன் வியாபாரிகள் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். துரை ஒரே முடிவாகச் சொன்னார்: எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்திரியின் கவனக்குறைவால் அம்மோனியா கசிகிறது, சனிக்கிழமையோடு அவர் வெளியேற வேண்டும். மிஸ்திரி சிட்டகாங்குக்காரர், எங்களுக்கெல்லாம் ‘தாதா’, அதாவது அண்ணன், இருபது வருஷமாக அந்த எஞ்சினோடு வாழ்ந்தவர். தொட்டிக் கொட்டகைக்குப் பின்னால் தொழிற்சாலை கொடுத்த ஒற்றை அறையில் மனைவியும் நான்கு பெண்களும் அவருமாக இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும்.

அவர் என்னிடம் வந்து வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார். “பாபு, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. குழாய்மேலேயே ஐஸ் கட்டுது, குளிர் தண்ணிக்கு வர மாட்டேங்குது. இந்தத் தடவை தண்ணியிலதான் ஏதோ இருக்கு.”

“தண்ணியில எங்க உப்புதான் இருக்கு தாதா. நான் துரை முன்னாடி நிரூபிச்ச உப்பு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். எத்தனை திமிர் பாருங்கள்.

வியாழக்கிழமை வீட்டில் ரசம் உப்புக் கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை. இருந்த எரிச்சலையெல்லாம் மனைவிமேல் கொட்டினேன். அவள் அசரவில்லை.

“நம்ம கல்லுப்பு தீந்துபோச்சு. பக்கத்து வீட்டு வங்காளத்து அண்ணி, அந்த பௌதிகிட்ட தூளுப்பு வாங்கினேன். பழக்கதோசத்துல அதே கையளவுக்குப் போட்டுட்டேன். தூளுன்னா கை நிறைய அடைஞ்சு நிக்கும். கல்லுப்பு அப்படியா? ஊடால ஊடால காத்துல்லா இருக்கும்?”

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. துரையின் மேஜையில் நான் உப்பை நிறுத்தேன். தொட்டியில்? கூலிக்காரர்கள் வழக்கப்படி கூடையால் போட்டார்கள். சுவரில் கரிக்கோடு கிழித்து எண்ணியவன் நான். லிவர்பூல் உப்புக்கு எத்தனை கூடையோ, கல்லுப்புக்கும் அத்தனையே. பி.ஏ. படித்த மூளைக்கு எட்டாதது அடுப்படியில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், தொட்டியிலிருந்து ஒரு செம்பு மொண்டு, நிறுத்து, வற்றக் காய்ச்சி, மிஞ்சிய உப்பையும் நிறுத்தேன். நூறு பங்கில் இருபது பங்கு உப்பு இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது. மிஸ்திரி சொன்னது அத்தனையும் சரி: மெலிந்த உப்புத் தண்ணீர் குழாய்மேல் உறைந்து போர்வை போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு குறுக்கு யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொட்டிவிட்டால் ஐஸ் தானாகக் கட்டும். புது மிஸ்திரி கைராசி என்பார்கள். என் உப்பின் பெயரும் கெடாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் மிஸ்திரியின் அறை வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக நின்றது. அதன்மேல் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நேரே துரையின் அறைக்குள் போனேன். பெரிய பாபுவும் அங்கே இருந்தார். இருக்கட்டும் என்று பேசினேன்.

“மிஸ்திரிமேல தப்பில்ல சார். உப்புமேலயும் தப்பில்ல. நிறுத்துப் போட வேண்டியதைக் கூடையால போட்டேன். தப்பு முழுக்க என்னோடது.”

பெரிய பாபு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துரை சிரிக்கவில்லை. மிஸ்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை, அதற்குள் ஐஸ் சரியாக வராவிட்டால் அவரோடு நானும் போகலாம் என்றார்.

மிஸ்திரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, “தராசு எங்க?” என்றார். எஞ்சினை நிறுத்திக் குழாய் மேலிருந்த ஐஸைக் கரையவிட்டார். ஒவ்வொரு கூடையையும் நான் நிறுத்துக் கொடுக்க, அவர் ஆட்கள் கொட்டிக் கலக்கினார்கள். காய்ச்சிப் பார்த்தேன், இருபது வந்தது. எஞ்சின் மறுபடி ஓடியது.

ஞாயிறு காலை முதல் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். கட்டி முழுசாக வழுக்கி வந்து தரையில் விழுந்தது. மிஸ்திரி கடப்பாரையால் அதை இரண்டாகப் பிளந்தார். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துரை குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, மிஸ்திரி இருக்கலாம் என்றார். எனக்கு ஆபீஸ் நாற்காலி போயிற்று. இனி தொட்டிக் கொட்டகையில் மிஸ்திரிக்குக் கீழே, தினம் உப்புத் தண்ணீரை நிறுப்பதுதான் என் வேலை. மனமார ஒத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் மிஸ்திரியின் மனைவி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். ஆறு பேரின் துணியும் பாத்திரமும் அடைத்த பெட்டி, நல்ல கனம். மாடியிலிருந்து பெரிய பாபு பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்து, அதை அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.