இருவாச்சி நம்பாத மறைப்பு

சுரண்டைச் சந்தையில் தலைச்சுமை தூக்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்று தென்காசியில் இரண்டு கடை, இலத்தூரில் செங்கல் சூளை, சொந்தமாக ஒரு லாரி, எல்லாம் இந்தக் கையால் வந்தது. பேய் பிசாசு என்று எவனாவது பேசினால் கடையை விட்டே விரட்டுவேன். இதைப் படித்துச் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

வெள்ளைக்காரன் காலம். பறவைகளைப் படம் பிடிக்கும் பைத்தியம் கொண்ட திருநெல்வேலி வக்கீல் ஒருவருக்குக் காமிராப் பெட்டி சுமந்துகொண்டு குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு மேலே ஆற்றோடு ஏறினேன். பங்குனி வெயில், தண்ணீர் வற்றி, இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவே வெந்து கிடக்கும் உருண்டைக் கல். அங்கே ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை. பெட்டை உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும், சேவல் பழம் கொண்டுவந்து சின்னக் கீறல் வழியாக ஊட்டும். சேவல் வராவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினிதான்.

எங்களைக் கண்டு காலையிலிருந்து சேவல் வரவில்லை. கீறலில் பெட்டையின் அலகு மட்டும் வந்து வந்து போனது.

“ஐயா, போயிருவோம். தாயும் புள்ளையும் செத்துரும்.”

“ஒரே ஒரு படம்லே! வெறுங்கையோட போகவா இம்புட்டு மலை ஏறினேன்?”

அப்போது யோசனை சொன்னது நான். தினைக்காட்டில் காவல் இருந்தவன், பறவைக்கு எண்ணத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தழை வெட்டி மறைப்புக் கட்டி அதற்குள் இருவரும் போவோம், அது பார்க்க நான் மட்டும் வெளியே வந்து நடப்பேன், ஆள் போய்விட்டது என்று நம்பி இறங்கும். அப்படியே செய்து, ஆற்று வளைவு தாண்டி உட்கார்ந்தேன். ரயில் வருவது மாதிரி இறக்கைச் சத்தம், பொந்துவரை வந்து திரும்பிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது.

ஓடிப்போய்ப் பார்த்தால் வக்கீல் வேர்த்து ஒழுகுகிறார்.

“யாருலே அவன்? நீ போன பொறவும் பக்கத்துல ஒருத்தன் மூச்சு விடுதான்.”

“வெயில் மண்டைல ஏறிட்டு ஐயா.”

“தொட்டுப் பாருலே!”

தொட்டேன். அவருக்குப் பக்கத்தில் தழை அமுங்கிக் கிடந்தது, ஆள் படுத்த பாய் மாதிரி வெதுவெதுப்பு. பயம்தான், ஆனால் அந்த அலகு கண்ணில் நின்றது. எப்படி வாயில் வந்ததோ, வெறும் இடத்தைப் பார்த்து, “வாரும் அண்ணாச்சி, நாம போவோம், அது புள்ளைக்கு ஊட்டட்டும்” என்றேன். நடந்தேன். பக்கத்தில் சருகு நொறுங்கியது, நான் நின்றால் அதுவும் நின்றது. வளைவைக்கூடத் தாண்டவில்லை, சேவல் இறங்கிவிட்டது, காமிரா சொடுக்கும் சத்தமும் கேட்டது.

அந்தச் சருகுச் சத்தம் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றதா என்பதே சந்தேகம். இன்றும் மொட்டைமாடியில் குருவிக்குக் குருணை இறைத்துவிட்டு இறங்கினால் ஒன்றுகூட வராது. படியில் நின்று மெல்ல, “வாரும் அண்ணாச்சி” என்று சொன்னால் அத்தனையும் இறங்கும். “யாரைக் கூப்பிடுதிய மாமா?” என்று மருமகள் கேட்கிறாள்.

அந்தப் படம் திருநெல்வேலியில் ஒரு கிளப்புச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது, கீழே வக்கீல் பேர் மட்டும். காமிரா அவருடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். கிளப்புக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முத்தையா என்று என் பேரையும் அதில் எழுதுங்கள். இன்னும் கூட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.